நெஞ்சில் இல்லாத குண்டு

தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கதிர்காமநாதனின் நெஞ்சில் இல்லாத குண்டைப் படம் பிடிக்க, டவுன் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாகிவிட்டது. குறித்தவர் ரப்பர் தோட்டத்து மேனேஜரான துரை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் சுட்ட குண்டு இதயத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று கிராணியார் சொல்லத் தொடங்கியதே, யுத்தம் முடிந்து மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகுதான். காட்டிலிருந்து வரும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து, தோட்டத்து ஆண்கள் முறை வைத்து இரவுக்காவல் காத்தார்கள். குண்டு சுமப்பவரைத் துப்பாக்கியும் சுமக்கச் சொல்வார்களா? கிராணியார் மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கினார்.

இப்போது எக்ஸ்ரே! தன்னைக் காவலுக்கு இழுக்கத்தான் துரை இந்தச் சூழ்ச்சி செய்கிறார் என்று அவருக்குப் பட்டது. ஆபீசுக்கு ஓடினார். மிஷின் காந்தம்போல் குண்டை இழுக்கும், உயிரே போய்விடும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பதறிப்போன துரை, டாக்டருக்கே போன் போட்டார். எக்ஸ்ரே எதையும் இழுக்காது; உடம்புக்குள் உலோகம் இருந்தால் முன்கூட்டியே சொன்னால் போதும்; மேலே அணிந்திருப்பதைக் கழற்றிவிட்டால் சரி என்றார் டாக்டர். அப்படிப்பட்ட அதிசயக் குண்டைத் தானே பார்க்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டார்.

கிராணியார் மனைவி பாலாம்பிகையிடம் புலம்பினார்.

"இஞ்சேரும், படத்தில ஒண்டும் தெரியாட்டி என்ர மானம் போச்சு."

"உள்ளுக்கு இல்லாததுக்கு நான் என்ன செய்யிறது?"

"உள்ளுக்கு இல்லாட்டி வெளியில வைப்பம்!"

தோட்டத்துக்குக் காவலிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நல்லமுத்து, சுடப் பழகும் மண்மேட்டைக் கிளறி நசுங்கிய ஈயக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பாலாம்பிகை அதைப் பனியனின் உட்புறத்தில் வைத்துத் தைத்தார். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கமா," என்று தன் இதயத்துக்குத் தானே வழிகாட்டினார் கிராணியார்.

டிரைவர் தம்புசாமி காரை ஓட்டினார். சிம்பாங் அம்பாட் சந்திப்பில் போலீஸ் தடுப்பு. காட்டிலிருப்பவர்களுக்குக் கடத்தும் அரிசி காருக்குள் இருக்கிறதா என்று தேடிய சார்ஜண்ட் வீராசாமி, கிராணியாரின் மார்பைத் தடவினார். கை நின்றது.

"இது என்னா?"

"குண்டு."

"குண்டு வச்சிருந்தா தூக்கு. தெரியுமில்ல?"

கிராணியார் இரண்டு கைகளையும் தூக்கினார். "ஐயோ, இது என்ர நெஞ்சுக்குள்ள கிடந்த குண்டு!"

"நெஞ்சுக்குள்ள கிடந்தது பனியனுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"இருமினனான்... வந்திட்டுது."

சார்ஜண்ட் காரில் ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "அப்போ நெஞ்சுல ஓட்டை இருக்கணும்லா. வாங்க, படம் புடிச்சே பாத்துருவோம்."

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகப் பனியனைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். ஆசைப்பட்டுக் காத்திருந்த டாக்டர், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். குண்டும் இல்லை, ஓட்டையும் இல்லை; வண்டிக்காளை மாதிரி திடமான நெஞ்சு என்று ஏமாற்றத்தோடு சொன்னார்.

சார்ஜண்ட் விலங்கை எடுத்தார். அதைப் பார்த்ததும் கிராணியார், போர்த்திக்கொண்டு உறங்கிய இரவுகள் முதல் பனியன் தையல் வரை எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்டார். வீராசாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

"இது சுட்டு முடிஞ்ச ஈயம். தூக்குல தொங்குற யோக்கியதகூட உங்களுக்கு இல்ல. போங்க!"

கிராணியார் தள்ளாடி வெளியே வந்தார். தம்புசாமி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்னா ஐயா, டாக்டர் என்னா சொன்னாரு?"

இனி யாரிடம் மறைத்து என்ன? "குண்டு இல்லையாம், தம்புசாமி. நெஞ்சு நல்ல திடமாம். இண்டைக்கு இரவு தொட்டு நானும் காவலுக்கு வாறன் எண்டு துரையிட்டச் சொல்லு."

தம்புசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காவலா? கிராணிமாருக்கு இனிமே காவலே இல்லைன்னு போன வாரமே முடிவாயிருச்சே! திடீர்னு சந்தோஷச் சேதி கேட்டா உங்க நெஞ்சு தாங்குமான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னுதானே ஐயா, துரை உங்களப் படம் எடுக்கவே அனுப்பினாரு!"