ஊஃபரைக் கைவிடாத வெங்கிட்டு

"என் உடம்புல உசிர் இருக்கற வரைக்கும் அந்த ஊஃபரைத் தூக்கிப் போடற பேச்சே இந்த ஆத்துல கிடையாது!"

கொச்சி மட்டாஞ்சேரியில் தெருக்கோடி வரை கேட்கும்படி வெங்கிட்டு இப்படிச் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாயில் பாதி இட்லி இருந்தது. சபதம் முடிந்த கையோடு விக்கல் வந்துவிட்டது. காமாக்ஷி தண்ணீர் நீட்டினாள். இருபத்தேழு வருஷமாகச் சபதங்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பழகிய கை அது.

அந்த ஊஃபர், அதாவது அடிவயிற்றிலிருந்து முழங்கும் அந்த ஸ்பீக்கர் பெட்டி, என்ன லேசுப்பட்டதா? மிளகுக் கம்பெனியில் முதல் போனஸ் வாங்கியதும் எர்ணாகுளம் போய் வாங்கி, படகில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். வயிற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஜாதி. நேராகக் கரண்டில் ஓடும். அது முழங்கினால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் தானாக நடக்கும். எதிர்வீட்டுப் பூனை அடுத்த ஊர் பள்ளுருத்திக்கே ஓடிப் போய்விடும். "யாராத்துல இடி இடிக்கறது?" என்று யாராவது கேட்டால், "இடி இல்லை, வெங்கிட்டு ஆத்துப் பாட்டு" என்று தெருவே பதில் சொல்லும். ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!

ஆனானப்பட்ட இரும்பையே தின்கிற உப்புக்காற்று, ஊஃபரை மட்டும் விட்டுவைக்குமா? ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. பாட்டுப் போட்டால் 'பறபற' என்றது. போடாவிட்டாலும் 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது; பிளக்கைப் பிடுங்க வெங்கிட்டு விடவில்லை. அதே கூடத்தில் உட்கார்ந்துதான் காமாக்ஷி சாயங்காலம் காக்கநாட்டுக் குழந்தைகளுக்கு ஃபோன் வழியே பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். வழக்கு தொடங்கியது அங்கேதான்.

"ஏன்னா, கேட்டேளா? அந்த மதுவந்திக் குட்டி இப்போ தம்புராவை விட்டுட்டு, உங்க 'ம்ம்ம்'லதான் சுருதி சேர்த்துண்டு பாடறா."

"ஞானமுள்ள குழந்தை!"

"அவ அம்மா ஃபோன் பண்ணி, 'மாமி, கிளாஸ் நேரத்துல மாவு அரைக்காம இருக்கப்படாதா'ன்னு கேக்கறா. எனக்கு மானம் போறது."

"அவ்வளவுதானே? ரிப்பேர் பண்ணிட்டாப் போச்சு."

"ரிப்பேர் பண்ணினா முனகறது நிக்கும். முழக்கம் வந்துடுமே! புதுசா, சின்னதா, பதவிசா ஒண்ணு வாங்கிக்கலாம்னா."

"பதவிசா? பதவிசா இருக்கறதுக்கு அது என்ன, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையா? ஊஃபர்டி!"

"இருபது வருஷம் ஆச்சு. தூக்கிப் போடுங்கோ."

இந்த இடத்தில்தான் மேற்படி சபதமும் விக்கலும்.

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் காமாக்ஷி சொன்னாள்: "சரி. உங்க இஷ்டம். ரிப்பேரே பண்ணிடலாம். பள்ளுருத்தி அந்தப்பன் கடைக்கு நானே ஆட்டோவுல கொண்டுபோறேன்."

கல்யாணமான நாள் முதல் அவள் இத்தனை சுலபமாக ஒரு விஷயத்துக்குத் தலையாட்டியது கிடையாது. வேறு யாராவதாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நம்ம வெங்கிட்டுவுக்கோ மார்பு நிமிர்ந்தது. ஒரே அதட்டல், பார்த்தாயா!

புதன்கிழமை அந்தப்பன் ஃபோன் செய்தான்.

"சாமி, வளையம் புதுசு போட்டாச்சு. கப்பாசிட்டர் ரெண்டு வீங்கி இருந்து, அதும் மாத்தி. இனி பத்து வருஷத்துக்கு ஒண்ணும் பயப்படண்டா. இதுபோல சாதனம் இப்போ எவிடயும் கிட்டாது!"

"இன்னொரு தரம் சொல்லு, அந்தப்பா. ஸ்பீக்கர்ல போடறேன், மாமி கேக்கட்டும்."

மாமி கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ ஒண்ணு பண்ணலாமே," என்றாள். "நாளைக்கு சமூக மடத்துல நவராத்திரி பஜனை. கடைலேர்ந்து நேரா அங்கேயே வரட்டும். முதல் முழக்கம் அம்பாள் சன்னிதில ஆகட்டும். உங்க ஊஃபர் எப்பேர்ப்பட்டதுன்னு நாலு பேருக்கும் தெரியட்டும்."

வெங்கிட்டுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில் இவளுக்கும் புத்தி வந்ததே!

மறுநாள் பஜனையில் மிருதங்கத்தை ஒரு தட்டுத் தட்டியதும் மடத்துத் தூண்கள் அதிர்ந்தன. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் எழுந்து உட்கார்ந்து தாளம் போட்டார்கள். வெங்கிட்டு முதல் வரிசையில், பிள்ளை பெற்றவர் போலப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பஜனை முடிந்ததும் மடத்துச் செக்ரெட்டரி மைக்கைப் பிடித்தார். "அடடா, என்ன நாதம்! மடத்துக்குன்னு சொந்தமா இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்!" என்று ஒரு பெருமூச்சு விட்டார். கூட்டம் முழுவதும் வெங்கிட்டுவைப் பார்த்தது. வெங்கிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து காமாக்ஷியின் குரல் வந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பாட்டு டீச்சர் குரலாயிற்றே, கடைசி வரிசை வரை கேட்டது.

"ஐயோ, அவரைக் கேக்காதீங்கோ. பாவம், அவருக்கு மனசு வராது."

"மாமாவுக்கா? அவ்வளவு கஞ்சமா மாமி?" என்றாள் பக்கத்து வீட்டு அம்ருதா.

"கஞ்சம் இல்லைடி. எல்லாருக்குமா அந்த மனசு வந்துடும்? விடு."

வெங்கிட்டுவின் காது சிவந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தார். மைக்கைப் பிடுங்கினார்.

"யாருக்கு மனசு வராது? எல்லாரும் கேட்டுக்கோங்கோ! இந்த நிமிஷம் முதல் இந்த ஊஃபர் மடத்துக்கு! வெங்கிடாசலம் குடுத்தா குடுத்ததுதான்!"

அவர் குரல் அவருடைய ஊஃபர் வழியாகவே முழங்கி வந்தபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒரே கைதட்டல். செக்ரெட்டரி ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். எதிரே காமாக்ஷி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை என்ன நினைச்சுண்டா இவ? நன்னா வேணும் இவளுக்கு!

சுண்டல் விநியோகம் முடிந்து கூட்டம் கலைந்தது. பொன்னாடையோடு வெங்கிட்டு ஊஃபரிடம் வந்தார். பெண்ணைப் புக்ககத்தில் விட்டுவிட்டுக் கிளம்புகிற தகப்பன் மாதிரி அதன் பக்கத்திலேயே நின்றார். மேலே தடவினார். பக்கவாட்டில் தடவினார். சுவரைப் பார்த்திருந்த பக்கத்தில் கை போனபோது ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது. குனிந்து எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பெயிண்டில், அழகான மலையாள எழுத்தில், 'உபயம்: ஸ்ரீமதி காமாக்ஷி வெங்கிடாசலம்' என்று இருந்தது.

"அந்தப்பா! நான் குடுக்கறேன்னு சொல்லி அரை மணி கூட ஆகலையே! இதை எப்போடா எழுதினே?"

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அந்தப்பன் ஒரு வாய் சுண்டலை நிதானமாக மென்று விழுங்கினான்.

"ரிப்பேருக்குக் கொண்டுவந்த அன்னைக்கே, சாமி. வியாழக்கிழமை சாமி மைக்கைப் பிடுங்கும்போ பெயிண்ட் காஞ்சிருக்கணும்னு மாமி பறஞ்ஞு."