கடல்காரன் டிராக்டர் ஓட்டிய கதை

இயேசு மரி சூசை

நொச்சிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதியது.

மதிப்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சான் இருதயராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை டயானாவின் வீட்டுக்காரன் ராபர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் டயானாவும் சுகம். அங்கே மாம்பலத்தில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். ஒரே பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள்தான் பேசுவீர்கள், போன் போட்டாலும் நீங்கள்தான் பேசுவீர்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் உங்களிடம் ஒரு பேச்சை நான் முழுசாக முடித்ததில்லை. கடிதத்தில் மட்டும்தான் நடுவில் புகுந்து, "அத்த வுடு ராபர்ட்டு" என்று உங்களால் சொல்ல முடியாது. ஆகையால் பொறுமையாகப் படிக்கவும்.

வலை இழுக்கும்போது என் வலது தோள் கழன்றதும், இனிமேல் வலையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். கேள்விப்பட்ட அன்றைக்கே நீங்கள் மேனேஜராக இருக்கும் தி.நகர் ஜவுளிக்கடையில், வாசல் கதவைத் திறந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். தொப்பிக்கு அளவுகூட எடுத்தாயிற்று. முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்றும் சொன்னீர்கள். அந்த நல்ல மனசுக்கு நன்றி. அது குறைச்சலான வேலை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடை வாசலிலிருந்து கடல் தெரியாது, மச்சான். பதினெட்டு வயசிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் நான் நின்ற இடத்தை விட்டுவிட்டு, ஏ.சி. காற்று காலில் படக் கண்ணாடிக் கதவோரம் நின்றால் சீக்கிரம் செத்துப்போவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இப்போது சொல்கிறேன்: அந்த வேலை எனக்கு வேண்டாம். எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் கம்ப்யூட்டர் வேலை. நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வரவும்.

அடையாறு பக்கம் ஒரு கடல் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து சிம்ரா என்று ஒரு மேடம் நம் குப்பத்துக்கு வந்தார். வயசு முப்பதுகூட இருக்காது, ஆனால் படித்த படிப்பு நம் தெரு முழுக்கப் பங்கு போட்டாலும் மிஞ்சும். அவர்களிடம் மஞ்சள் கலரில் ஒரு டப்பா இருக்கிறது. அதை வயரில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால், அதன் மூக்கில் இருக்கிற கேமரா தரையைப் படம் பிடிக்கும். மேலே படகில் உட்கார்ந்து கீபோர்டிலும் மவுஸிலும் அதை ஓட்ட வேண்டும். படித்த பிள்ளைகள் ஓட்டுகிறார்களாம், ஆனால் எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் சேறு என்று அவர்களுக்குத் தெரியாததால் டப்பா அடிக்கடி முட்டிக்கொள்கிறதாம். கடலின் அடிமடி தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். குப்பமே என்னைக் கைகாட்டியது. மேடம், "அண்ணே, உங்களுக்குக் கடல் தெரியும். கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "ஒரு மாசம் டைம் தரேன். வீடியோ கேம் ஆடிப் பழகுங்க, கை வந்துடும். அப்புறம் ஒரு டெஸ்ட். அதுல பாஸானா வேலை உங்களுக்குத்தான்" என்றார். ஐம்பது வயசில் ஒரு ஆம்பளையிடம் விளையாடிவிட்டு வா என்று சொன்ன முதல் அதிகாரி அவர்தான்.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் இருக்கிற சந்தில் அமீன் பாய் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் பாரம், ரயில் டிக்கெட் எல்லாம் அங்கே உண்டு. மூலையில் ஒரு கம்ப்யூட்டரை ஒரு மாசத்துக்கு எனக்கு ஒதுக்கினார். காலையில் மீன் விற்று முடித்ததும் டயானாவும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் அமீன் பாய் துப்பாக்கி விளையாட்டு போட்டுக் கொடுத்தார். "எல்லாப் பசங்களும் இதுலதான் ஆரம்பிக்கிறானுங்கோ ராபர்ட்டு" என்றார். இடது கை நாலு பொத்தானில், வலது கை மவுஸில், குதிக்க நீளப் பொத்தான், குனிய வேறொரு பொத்தான், இதற்கு நடுவில் எங்கிருந்தோ சுடுகிறார்கள். மவுஸை லேசாகத் தள்ளினால் ஆள் வானத்தைப் பார்க்கிறான், இழுத்தால் தன் காலைப் பார்க்கிறான். வானத்தைப் பார்த்தபடியே அரை மணி நேரம் சுவரில் நடந்தேன். ஒரே காலையில் நாற்பத்தோரு தடவை செத்தேன், எண்ணியது டயானா. "இன்னாயா இது, கடலுக்கு அடீல படம் புடிக்கப் போறியா, சண்ட போடப் போறியா?" என்று அவள் கேட்டதில், பாஸ்போர்ட் பாரம் நிரப்ப வந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள், மீன்காரருக்கு மீன் விளையாட்டுதான் சரி என்று அமீன் பாய் வேறொன்று கண்டுபிடித்தார். மவுஸை அழுத்தித் தூண்டில் போட வேண்டும், விட்டால் மீன் மாட்டும். மச்சான், இரை இல்லாத தூண்டிலில் அரை நிமிஷத்துக்கு ஒரு மீன் மாட்டுகிறது! எந்த மடையன் செய்தானோ, குளத்தில் வஞ்சிரம் மாதிரி ஒன்று துள்ளுகிறது. குஞ்சு மாட்டினால் நான் வழக்கம்போலத் திரும்ப விட்டேன். விட்டால் மார்க்கைக் குறைத்தது. அமீன் பாயைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். டயானா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இத்த எவன் வாங்குவான்? கண்ணு உள்ள பூட்டுது பாரு. ரெண்டு நாளு ஐஸ்ல கெடந்த மீனு" என்றாள். அதோடு அந்த விளையாட்டு முடிந்தது.

மூன்றாவது நாள் கார். இங்கேதான் என் மானம் போனது. இடது பக்கம் வளைவு வந்தால் என் கார் வலது பக்கம் போய்ச் சுவரில் மோதுகிறது. வலது பக்கம் வளைவு வந்தால் இடது பக்கம் மோதுகிறது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நாலு நாள் இதே கதை. அமீன் பாய்க்குச் சந்தேகம் வந்து, பொத்தான்களின் மேல் சிவப்பிலும் பச்சையிலும் பொட்டு ஒட்டினார். பிறகு ரொம்பத் தயவாக, "ராபர்ட்டு, தப்பா எட்த்துக்காத, சோத்தாங்கை எதுன்னு காட்டு" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. முதல் தேதியும் உங்கள் கடைத் தொப்பியும் கண் முன்னால் வந்து நின்றன. அன்றைக்கு மெரினா வரைக்கும் டயானாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். வழியில் சும்மா இடது கையை நீட்டி, படகில் பிடிக்கிற மாதிரி காற்றில் பிடித்துப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான், மச்சான். ஃபைபர் படகில் பின்னால் உட்கார்ந்து இடது கையால் இன்ஜின் கைப்பிடியைப் பிடிப்போம். கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம். கை அதைச் செய்துவிடும், மூளையைக் கேட்காது. அதே இடது கைதான் இங்கே பொத்தானிலும் இருக்கிறது. நான் அந்தக் காரைப் படகு மாதிரி ஓட்டியிருக்கிறேன்! நான் முட்டாள் இல்லை, முப்பத்திரண்டு வருஷ அனுபவசாலி. நடுரோட்டில் இதைச் சொல்லி டயானாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "ரோட்ல இன்னாயா இது, ஆளுங்கோ பாக்குறாங்கோ" என்றாள், ஆனால் விலகவில்லை.

மறுநாள் அமீன் பாயிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, இடம் வலத்தை மாற்றிப்போட அந்த விளையாட்டிலேயே வழி இருக்கிறது என்று எதையோ தட்டினார். அவ்வளவுதான். ஒரு சுவரிலும் உரசாமல் மூன்று சுற்று ஓட்டினேன். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் கைதட்டினார்கள். உடனே மேடத்துக்குப் போன் போட்டு, டப்பாவிலும் அப்படி மாற்றித் தரச் சொன்னேன். "அதை நாலு பேர் ஓட்டுறாங்கண்ணே, உங்களுக்காக மாத்தினா மத்தவங்க முட்டுவாங்க. நீங்கதான் மாத்திக்கணும்" என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது இருபத்திரண்டு நாள்.

அதற்கப்புறம் அமீன் பாயின் பேச்சைக் கேட்பதை விட்டேன். என் கைக்கு எது ஒத்துவரும் என்று எனக்குத்தான் தெரியும். புதுசாகப் பழகுகிறவனைத் துரத்தக் கூடாது, சுடக் கூடாது, கடிகாரம் வைத்து மிரட்டக் கூடாது, இரண்டு கைக்கும் ஒரே நாளில் வேலை கொடுக்கக் கூடாது. முதலில் நாலு நாள் மவுஸ் மட்டும்: ஒரு பாழடைந்த பங்களாவில் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடித் தொடும் விளையாட்டு. டயானா விரலால் காட்டுவாள், நான் அழுத்துவேன். வலைக்கயிறு பிடித்த கை என்பதால் அழுத்திய அழுத்தில் ஒரு மவுஸ் உடைந்தது, அதை விடுங்கள். பிறகு கீபோர்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது டிராக்டர். ஆமாம், வயல் உழும் விளையாட்டு. ஒரு ஆள், ஒரு டிராக்டர், கண்ணுக்கெட்டிய வரை நிலம். யாரும் துரத்த மாட்டார்கள். தப்பான பக்கம் திரும்பினால் சாக மாட்டோம், உழவு கோணும், அவ்வளவுதான். மெதுவாகப் போவதால் கை தப்பு செய்யும்போதே மூளை எட்டிப்பிடித்துவிடும். பன்னிரண்டு நாள் உழுதேன். பரம்பரையில் ஒருத்தனும் மண்வெட்டி பிடிக்காத குடும்பத்தில் பிறந்து நான் ஏக்கர் கணக்கில் கோதுமை விதைத்து அறுத்தேன். கடைசி ஆறு நாள் மவுஸும் பொத்தானும் சேர்த்து, தோட்டத்தில் சும்மா நடந்து கதவு திறக்கும் விளையாட்டு. இப்போது அமீன் பாய், புதுசாக வருகிற பெரியவர்களுக்கெல்லாம் "ராபர்ட் அண்ணன் கோர்ஸ்" என்று டிராக்டரைத்தான் போட்டுக் கொடுக்கிறார். நான் பொய் சொல்லவில்லை, விசாரித்துக்கொள்ளலாம்.

போன வியாழக்கிழமை டெஸ்ட். பெரிய தொட்டியில் எட்டு இரும்பு வளையம் தொங்கவிட்டிருந்தார்கள். இடிக்காமல் நுழைந்து, கேமராவை மவுஸால் திருப்பி, ஒவ்வொரு வளையத்திலும் எழுதியிருக்கிற எண்ணைப் படிக்க வேண்டும். என்னோடு இரண்டு காலேஜ் பையன்கள் வந்திருந்தார்கள். அவர்கள் விரட்டிக்கொண்டு போய் இடித்தார்கள். நான் வயல் உழுகிற வேகத்தில் போனேன். எட்டுக்கு எட்டு. சிம்ரா மேடம் எழுந்து நின்று கைகொடுத்தார். அதோடு விடாமல், முன்பு எடுத்த ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு பாறை, நடுவில் பிளவு, அதில் கொத்துக் கொத்தாக மீன். அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், அது நம் குப்பத்துக்கு நேர் கிழக்கே இருக்கிற பாறை என்று. என் வலை எத்தனையோ தடவை கிழிந்த பிளவு அது. முப்பத்திரண்டு வருஷம் கயிற்றாலேயே தடவிப் பார்த்த இடத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மேடத்துக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமில்லை.

ஆகவே மச்சான், அந்தத் தொப்பியை வேறு ஒரு நல்லவர் தலைக்குக் கொடுத்துவிடவும். கரையில் உட்கார வேண்டிய ஆளில்லை உங்கள் தங்கை புருஷன். கடல் பழக்கமும் இருக்கிறது, கம்ப்யூட்டர் பழக்கமும் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் இரண்டும் தெரிந்த கை இது ஒன்றுதான் என்று மேடமே சொன்னார். படகுக் கை எங்கேயும் போகாது, அது ரத்தத்தில் இருக்கிறது. நீங்களும் அக்காவும் குறைவில்லாமல் வாழ அன்னை கூடவே இருப்பாளாக. வரும் ஞாயிறு சாப்பிட வரவும், டயானா நல்ல வவ்வால் மீன் எடுத்து வைப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அ. ராபர்ட்
(டப்பா ஓட்டுநர்)

பின்குறிப்பு: இது புதன்கிழமை எழுதுவது. தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இங்கேயே இருந்தது. நேற்று வேலையில் முதல் நாள். அவர்கள் வழக்கமாகக் கூட்டிவரும் படகுக்காரர் வரவில்லை. "அண்ணே, நீங்களே ஓட்டிடுங்க, உங்களுக்குப் படகு ஓட்டச் சொல்லியா குடுக்கணும்?" என்றார் சிம்ரா மேடம். கைப்பிடிக்குத் தோள் தேவையில்லை. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குப்பமே கரையில் நின்று பார்த்தது. முதல் அலை வந்தது, வலது பக்கம் திரும்ப வேண்டும், கைப்பிடியை வலது பக்கம் தள்ளினேன். படகு இடது பக்கம் திரும்பியது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். வந்த வழியே திரும்பி மணலில் ஏறி, நம் தெருக் கோபால் காயப்போட்டிருந்த வலைமேல் போய் நின்றோம். யாருக்கும் அடியில்லை. டப்பாவுக்கும் ஒன்றுமில்லை, அது எதையும் தாங்குகிற மாதிரி செய்தது. என்னை அப்படிச் செய்யவில்லை. கோபால், "இன்னா ராபர்ட்டு, என் வலைய உழுறியா?" என்று கேட்டதுதான் இன்று குப்பம் முழுக்கப் பேச்சு. மேடம் மட்டும் சிரிக்காமல், "அண்ணே, வேலை உங்களுக்குத்தான். ஆனா இனிமே நீங்க தண்ணிக்கு அடில மட்டும் ஓட்டுங்க, மேல வேற ஆள் பாத்துக்கட்டும்" என்றார். ஆகவே, அக்காவுக்கும் கடைக்காரர்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது தயவுசெய்து என் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.