குளிர் காக்கா போட்ட பிராக் திட்டம்

குளிரைப் பற்றி அறிய வேண்டிய அத்தனையையும் அறிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஐரோப்பாவில் இல்லை. கல்முனை பஸாரில் தன் கம்பளிச் சட்டைக் கடைக்குள், விசிறியை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு பெனியனோடு உட்கார்ந்திருக்கிறார். பெயர் என்னவோ இருக்கிறது. ஊருக்கு அவர் குளிர் காக்கா; எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

காகமே நிழல் தேடும் ஊரில் கம்பளிக் கடையா என்று கேட்பீர்கள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள், மகனை இத்தாலிக்கு அனுப்பும் வாப்பாமார், மாரி மழையில் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் போகும் வயசாளிகள், எல்லாருக்கும் அவர்தான் கதி. ஆனால் கேட்டவுடன் விற்கமாட்டார். "எத்தின மணிக்கு எழும்புவீங்க? ஜன்னல் தலமாட்டுலயா, கால்மாட்டுலயா?" என்று டொக்டர் மாதிரி விசாரித்த பிறகுதான் ஒரு குல்லாவையே கையில் எடுப்பார். காரைதீவிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் நுவரெலியா போக ஸ்வெட்டர் கேட்டார். "ஒங்கட நெஞ்சுக்கு அந்த ஊர் சரிவராது சேர். கண்டிக்குப் போங்க" என்று அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார். வாத்தியாரும் குடும்பத்தோடு கண்டிக்குத்தான் போனார்.

இனி என் கதை. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். ஊரான் நெல்லைத் தலையில் சுமந்தேன். இன்றைக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் போய் நல்ல அரிசி எந்த மில்லில் என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளையும் என் மில்லுக்கு வழி காட்டும். ஆனால் அந்த மில்லில் பாதி என் மனைவியின் கால் வெந்த வேலை. ஆள் வைக்க வசதியில்லாத நாளில், அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில் காலால் கிளறிக் காயவைத்தவள் அவள். போன நோன்பு மாதத்தில் அவளுக்குப் பித்தப்பையில் ஒப்பரேசன் நடந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, "என்ன வேணும் கேளு, வாங்கித் தாறன்" என்றேன். காப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"பனி கொட்டுறதக் கண்ணால பாக்கணும்" என்றாள்.

"பனியா?"

"ஓம். ஒங்கட வெயில் எனக்குப் போதும்."

சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் நான் இல்லை. கொழும்பில் இருக்கும் மகனிடம் கேட்டேன். பிராக் என்று ஒரு நகரத்தைச் சொன்னான். ராசாக்கள் இருந்த ஊராம். மலையில் கோட்டை, ஆற்றின் மேல் பழைய கல்பாலம், சந்தியில் பெரிய மணிக்கூடு. பெரும்போக அறுவடை தொடங்கினால் மில்லை விட்டு நகர முடியாது, ஆகவே ஜனவரி என்று முடிவு செய்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் நாலு பேருக்கு அறிவித்தேன். பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே குளிர் காக்கா ஒரு மூட்டைக் கோட்டுகளோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

"மச்சான், டிக்கெட்ட நீங்க பாருங்க. குளிர எனக்கிட்ட விடுங்க."

என் மனைவி தேத்தண்ணீரை வைத்துக்கொண்டே கேட்டாள். "காக்கா அந்தப் பக்கமெல்லாம் போயிரிக்கீங்களா?"

"என்ன தங்கச்சி, பேறு பாக்கிற டொக்டர் புள்ளப் பெத்தா படிச்சாரு?"

காக்கா ஃபோனைத் திறந்தார். கோட்டையையோ பாலத்தையோ அவர் பார்க்கவில்லை. பிராக் நகரத்துத் தொழுகை நேரங்களைத்தான் பார்த்தார்.

"பகல் இம்மட்டுத்தான்! அஸர் தொழுதிட்டுச் சப்பாத்து நூலக் கட்டக்குள்ள பொழுது பட்டு மஃரிப் வந்திரும்" என்றவர், சட்டென்று என் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஒப்பரேசனால விட்ட நோன்பெல்லாம் இன்னும் களாவா நிக்கிதா தங்கச்சி?"

அவள் வெட்கத்தோடு தலையாட்டினாள். விட்ட நோன்பைப் பிறகு பிடித்து அடைக்க வேண்டும், அதுதான் களா.

"அப்ப அங்க போய்ப் புடிங்க! இஞ்ச நோன்பெண்டா நாக்கு வரளும். அங்க தாகமுமில்ல, பகலுமில்ல. ஹலால் கட தேடி அலையவும் தேவல்ல. கோட்டயப் பாத்து, பாலத்தால நடந்து ரூமுக்கு வந்தா நோன்பு தொறக்கிற நேரம்."

"பயணத்துல நோன்ப விடுறதுக்கெல்லுவா மார்க்கத்துல சலுகை இரிக்கி?" என்றேன் நான்.

"அது பயணம் போறவங்களுக்கு. நீங்க நோன்பு புடிக்கப் போறீங்க."

"எனக்கு ஒரு களாவும் இல்லயே" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப நீங்க நடு ரோட்டுல நிண்டு தின்னுங்க. தங்கச்சி வாயப் பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

நானும் நோன்பு என்று முடிவாயிற்று. உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள். பட்டினி கிடந்து பார்ப்பதற்காகத் திட்டம் போட்டவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஒத்திகை. "ஒரேயடியாக் குளிருக்குள்ள எறங்கினா ஒடம்பு மருளும்" என்று சொல்லி, எங்களைக் கடற்கரை ஐஸ் ஃபெக்டரிக்குக் கூட்டிப் போனார். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டிகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்த அறை. நீளக் கோட்டு, குல்லா, கையுறையோடு நானும் மனைவியும் சூரை மீன் பெட்டிகளுக்கு இடையில் மேலும் கீழும் நடந்தோம். "இது கல்பாலமெண்டு நினைங்க. கோட்டயப் பாத்துக்கிட்டு நடங்க!" என்று வாசலில் நின்று கட்டளை போட்டார் காக்கா. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன், "ஹாஜியார், ஒங்களயும் பெட்டியில அடுக்கட்டா? கொழும்பு லொறி நிக்கிது" என்றான்.

அவனுக்குச் சொல்ல வாயில் நல்ல பதில் ஒன்று வந்தது, பல் அடித்துக்கொண்டதில் வெளியே வரவில்லை. எங்களை மேற்பார்வை செய்ய உள்ளே எட்டிப் பார்த்த காக்கா அடுத்தடுத்துத் தும்மினார். பயணம் போகிறவர்கள் சுகமாக இருந்தோம். திட்டம் போட்டவர் தடிமன் பிடித்து வீட்டில் படுத்துவிட்டார்.

ஒரு வழியாகப் பிராக் போய்ச் சேர்ந்தோம். பொய் சொல்லக்கூடாது, காக்காவின் திட்டம் மணிக்கூடு மாதிரி ஓடியது. விடியுமுன் ஸஹருக்கு ரூமில் சோறு, பிறகு கோட்டை, பாலம், ஆறு. நோன்பு போனது தெரியவில்லை. ஒரேயொரு குறை. பனி இல்லை. குளிர் காதைக் கடித்தது. வானம் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஒவ்வொரு நாளும் காக்காவிடமிருந்து ஃபோன் கோல் வரும். ஸலாம் சொன்னதும் ஒரே கேள்வி. "கொட்டுதா?"

"இல்ல."

"நாளைக்கி வரும். அங்கத்த வானத்த எனக்குத் தெரியும்."

நாளைக்கும் வரவில்லை. என் மனைவி காலையில் எழுந்ததும் திரையை விலக்கிப் பார்ப்பாள். பிறகு மூடுவாள். "பரவால்ல, குளிரயாவது கண்டனே" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. கல்முனையில் நான் கையைக் காட்டினால் மெஷின் ஓடும், லொறி நகரும். அந்த ஊர் வானத்துக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

புறப்படும் நாள். பெட்டிகளைக் கட்டி முடித்து, காலையிலேயே கடைசியாக ஒரு தடவை பாலத்துக்குப் போனோம். நடுப் பாலத்தில் அவள் நின்றாள். கையை நீட்டினாள். கையுறையில் ஒரு வெள்ளைப் பொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு வானமே அவிழ்ந்து, நெல் தூற்றும்போது பறக்கும் சப்பி மாதிரி, பாலம் முழுக்கக் கொட்டத் தொடங்கியது.

அவள் முகத்தை வானத்துக்குத் தூக்கினாள். குழந்தை மாதிரி வாயும் திறந்துகொண்டது. அந்த நேரம் பார்த்துக் காக்காவின் கோல். இந்தத் தடவை நான் வீடியோவைப் போட்டு ஃபோனை அவள் பக்கம் திருப்பினேன்.

"கொட்டுதூ!" என்று கத்தினார் காக்கா. அடுத்த நொடி இன்னும் பலமாக, "தங்கச்சி! வாய மூடுங்க! நோன்பு!"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பனி தலையிலும் தோளிலும் விழ, சிரிப்பு கைக்குள் அடங்காமல் தோள் குலுங்கிற்று. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் அழுகிறாளோ என்று பார்த்தார்கள். அழவும்தான் செய்தாள்.

பிறகுதான் நான் ஃபோனைச் சரியாகப் பார்த்தேன். கல்முனையில் நடுப்பகல் தாண்டியிருந்தது. மழை விட்டு ஊர் புழுங்குகிற நேரம். காக்கா நீளக் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு கடைக்குள் இருந்தார். முகத்திலிருந்து வேர்வை ஓடிற்று.

"என்ன காக்கா இந்தக் கோலம்?" என்றேன்.

அவருக்குப் பின்னாலிருந்து பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நீங்க போன நாள்லேரிந்து இப்பிடித்தான் ஹாஜியார்! விசிறியும் போட உடுறாரில்ல. செல்லிப் பாருங்க!"

காக்கா குல்லாவைக் கொஞ்சம் மேலே தள்ளினார். "தங்கச்சியக் குளிருக்குள்ள அனுப்பிட்டு நான் இஞ்ச பெனியனோட காத்து வாங்கவா மச்சான்?"

நான் பெருமை பேசாத விசயம் ஒன்றும் இல்லை. மில், லொறி, பிராக் எல்லாவற்றையும் ஊர் காது புளிக்கக் கேட்டுவிட்டது. அந்தப் புழுக்கத்தில் எங்களுக்காக வேர்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பற்றி மட்டும் பேச வாயெடுத்தால், பாதியில் எழும்பி மில்லைப் பார்க்கப் போய்விடுகிறேன்.