எழுபத்திரண்டாம் பக்கத்துக் காய்ச்சல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் காதல் நாவல் எழுதுகிறவள். அதிலும், முதல் அத்தியாயத்தில் கார் மோதி, கடைசி அத்தியாயத்தில் கதாநாயகிக்கு வாந்தி வந்து முடிகிற ரகம். இதைச் சொன்னதும் சிலர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். வரட்டும். இருபத்தேழு புத்தகங்களாக அந்தச் சிரிப்பைப் பார்த்து வருகிறேன், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனதெல்லாம் முதல் புத்தகத்தில்தான். அதுவும் தி. நகரில், மேடையில், மைக் முன்னால், அப்பாவும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பும் வழியில், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்பக்கம் இருந்த வாடகை நூலகத்துக்குள் நுழைந்துவிடுவேன். மாத நாவல்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நான் வாரத்துக்கு ஐந்து படிப்பேன். (படிப்பேன் என்பது மரியாதையான சொல். விழுங்குவேன்.)

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படித்து முடித்த நாவலில் ஒவ்வொரு வாசகியும் தன் அடையாளம் ஒன்றைப் போட்டு வைப்பாள். கமலா மாமி முதல் பக்கத்து மூலையில் பென்சிலால் நாலு புள்ளி வைப்பார். குளக்கரையில் பூ விற்கும் செல்வி அக்கா, பூத்தொடுக்கிற வாழை நாரில் ஒரு துண்டைக் கிள்ளி அட்டைக்குள் ஒட்டி வைப்பார். காரணம் எளிமையானது. அடையாளம் இல்லாவிட்டால், ஏற்கெனவே படித்த கதையா படிக்காத கதையா என்று நாற்பது பக்கம் போனாலும் தெரியாது.

வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எல்லாம் ஒரே கதை என்றால், அந்த ஒரு கதையை நானும் எழுதலாமே!

ஒரு நீளத் தாளில் அட்டவணை போட்டேன். நாவலுக்கு நூற்று இருபத்தெட்டு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் மோதல். கார், லிஃப்ட், கோயில் பிராகாரம் எதுவானாலும் சரி, அவள் கையில் இருப்பது கீழே விழ வேண்டும். இருபதில் அவமானம். முப்பத்தெட்டில் கட்டாயக் கல்யாணம் (அவன் தாத்தாவுக்கு நெஞ்சுவலி எப்போதும் தயாராக இருக்கும்). தொண்ணூற்றைந்தில் அத்தை மகள் ஒரு போட்டோவோடு வந்து இருவரையும் பிரிப்பாள். நூற்றுப் பத்தில் ஆஸ்பத்திரி. கடைசியில் வாந்தி, சுபம்.

இதற்கெல்லாம் நடுநாயகமாக எழுபத்திரண்டாம் பக்கத்தில் காய்ச்சல். அதுவரை அவளை ஏறெடுத்தும் பார்க்காத கோடீஸ்வரன் மழையில் நனைந்து வந்து படுக்கையில் விழுவான். அவள் கண் மூடாமல் அவன் நெற்றியில் ஈரத்துணி போடுவாள். கண் விழிக்கிறவன் முதல் தடவையாக அவளை ஒழுங்காகப் பார்ப்பான். நான் படித்த அத்தனை நாவல்களிலும் எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் யாருக்காவது உடம்பு சுட்டது. நான் சராசரி எடுத்து எழுபத்திரண்டு என்று முடிவு செய்தேன்.

மூன்று வாரத்தில் நாவல் முடிந்தது. கதாநாயகன் ரிஷிவர்தன், கதாநாயகி மதுநிலா. தி. நகரில் ஒரு பதிப்பாளர் உடனே அச்சுக்கு எடுத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மேனேஜரிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, "இலக்கியம் என்னைக் கூப்பிடுது சார்" என்றேன். அவர், "அவங்க ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு இந்தச் சேதி இறங்கவில்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். எதையும் உத்தரவு கையில் வந்தால்தான் நம்புவார். பதிப்பாளரோ, "ஞாயித்துக்கிழமை வாசகர் சந்திப்பு வெச்சிருக்கேன். கூட்டம் நல்லா அமைஞ்சா உங்களோட அடுத்த ஆறு நாவலை மேடையிலயே அறிவிச்சுடறேன்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு நாவல் அறிவிச்சாங்கன்னா நீ ரைட்டர். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கிழமை காலையில அந்த மேனேஜரைப் போய்ப் பார்த்து வேலையைத் திரும்பக் கேக்கறே."

"அறிவிப்பாங்கப்பா. நீங்களே வந்து பாருங்க" என்று வாய் கொழுப்பெடுத்துச் சொன்னேன். அவரும் வந்தார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாடியில் ஒரு சின்ன ஹால். கீழே பாத்திரக்கடை. போண்டா, காபி உண்டு என்று நோட்டீசில் போட்டிருந்ததால் எண்பது பெண்கள் வந்திருந்தார்கள். பின்பக்க மேஜையில் என் புத்தகம் கட்டுக் கட்டாக இருந்தது. கமலா மாமி ஒரு பிரதியை எடுத்துப் புரட்டிப் பார்த்து, முதல் பக்கத்து மூலையைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார்.

"ஏன்டிம்மா, இத நான் வாசிச்சுட்டேன் போலருக்கே? புள்ளியக் காணுமே!"

"மாமி, இது நேத்துதான் அச்சாகி வந்தது."

"அப்படியா? நன்னாருக்கு" என்றார். எது நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன்; பட்டுப்புடவைக்குள் இருக்கிறவளுக்கு எச்சரிக்கை எல்லாம் காதில் விழாது. மேடை ஏறி, "இதுவரை தமிழில் யாரும் தொடாத ஒரு காதலைத் தொட்டிருக்கிறேன்" என்று ஆரம்பித்து, எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன்.

"'வெளியே மழை கொட்டியது. கதவு திறந்தது. ரிஷிவர்தன் நின்றிருந்தான். அவன் உடல்...'"

"நனைஞ்சிருக்கும்" என்றார் மாமி, முன்வரிசையிலிருந்து, யாருக்கும் சொல்லாததுபோல.

"'...தொப்பலாக நனைந்திருந்தது. மதுநிலா பதறி அவன் நெற்றியில் கை வைத்தாள். அது...'"

"நெருப்பாட்டம் சுடும்!" மூன்றாவது வரிசை.

"'...அனலாய்க் கொதித்தது. அவள் தன் முந்தானையை...'"

"கிழிச்சா!" இது மொத்த ஹால். எண்பது பேரும் ஒரே குரலில். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை; அதுதான் கொடுமை. பஜனையில் பின்பாட்டுப் பாடுகிற மாதிரி அத்தனை சந்தோஷமாகச் சொன்னார்கள். அடுத்த பத்தியை நான் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் ஜன்னியில் அவள் பெயரை முனகுவான் என்பது வரைக்கும் அவர்களே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பதிப்பாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று பார்த்திருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் சாதாரணக் கோபம் இல்லை; முன்யோசனை என்ற ஒன்றே இல்லாத கோபம். புத்தகத்தை மூடினேன்.

"நிறுத்துங்க. காய்ச்சல் அவனுக்கு இல்ல. அவளுக்கு!"

எண்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அட்டவணையில் இல்லாத ஊருக்கு வந்துவிட்டேன். அடுத்து என்ன சொல்வது? எனக்குக் கற்பனை என்று எதுவும் கிடையாது, அட்டவணை மட்டும்தான். ஆனால் காய்ச்சலில் படுத்த பெண்டாட்டியும் பக்கத்தில் நிற்கும் புருஷனும் என்றதும் எனக்கு ஒரே ஒரு காட்சி தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்தது. வாய் தானாக அதைச் சொல்ல ஆரம்பித்தது.

"ரிஷிவர்தன் சமையலறைக்குப் போனான். முப்பது வருஷமா அந்தப் பக்கம் போனதே இல்ல." (கதைப்படி ரிஷிவர்தனுக்கு வயதே இருபத்தெட்டு. யாரும் கவனிக்கவில்லை.) "மிளகு ரசம் வைக்கணும். சீரகம் எது, சோம்பு எதுன்னு தெரியல. ஒவ்வொரு டப்பாவாத் திறந்து, எடுத்துக்கிட்டு வந்து, நூத்தி மூணு டிகிரியில படுத்திருக்கிற பெண்டாட்டி மூக்குக்கிட்ட நீட்டி, 'இதா? இதா?'ன்னு கேட்டான்."

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கடைசியில சோம்பு போட்டு ரசம் வெச்சான். அப்புறம் நெத்தியில போட ஈரத்துணி தேடினான். அடுப்புப் பக்கத்துல மடிச்சு வெச்சிருந்த துணிதான் கைக்குக் கெடச்சது. அது பாத்திரம் இறக்கற கரித்துணி. அதை நனைச்சு அவ நெத்தியில போட்டான். எடுக்கறப்போ அவ நெத்தி முழுக்கக் கரி."

ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. அம்மா. கண்ணில் தண்ணீர் வழிய, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஒரு விரலால் பக்கத்தில் இருந்த அப்பாவைக் காட்டிக்கொண்டே சிரித்தாள். எண்பது தலைகள் பின்னால் திரும்பின. அப்பா கூரையில் சுழன்ற மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நான் நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு வீட்டில் மீதியும் நடந்திருந்தது. "ஆனா அவன் அந்த எடத்த விட்டு எழுந்திருக்கல. கடிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை துணியை மாத்தினான். தூங்கவும் இல்ல, ஒரு வார்த்தை பேசவும் இல்ல. காலையில அவ கண்ணத் திறந்தப்போ..."

இங்கே யாரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. செல்வி அக்கா மட்டும் நாற்காலியின் விளிம்புக்கு வந்து கேட்டார்: "அப்பால இன்னா ஆச்சு?"

எனக்குத் தெரியாது. அன்று காலையில் அம்மா கண் விழிப்பதற்கு முன்பே நான் ஆபீஸ் போய்விட்டேன். எண்பது பேர் காத்திருந்தார்கள். என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனத்தை அப்போதுதான் செய்தேன். நிமிர்ந்து நின்று, "மீதியைப் புத்தகத்தில் படியுங்கள்!" என்றேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. பின்பக்க மேஜையில் கட்டுகள் கரைந்தன. பதிப்பாளர் சிரித்த முகத்தோடு ஆறு நாவல் அறிவிப்பதற்காக மைக் பக்கம் நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்துவிட்டார்கள். அங்கே ரிஷிவர்தன் தொப்பலாக நனைந்து நின்றிருந்தான்.

"இன்னாம்மா இது, கரித்துணி எங்க கீது?" என்றார் செல்வி அக்கா.

"என்னடி இது, மேடைல ஒண்ணு சொல்லிண்டு புஸ்தகத்துல வேற ஒண்ணு விக்கறே?" என்றார் மாமி. எல்லோரும் வரிசையில் நின்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். போண்டாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பதிப்பாளர் மைக்கை அணைத்துவிட்டு, "ஆறும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றார்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போகவில்லை. போகிற தெம்பு இல்லை. செவ்வாய்க்கிழமை தலையைக் குனிந்துகொண்டு குளக்கரை வழியாகப் போனபோது செல்வி அக்கா பிடித்துக்கொண்டார்.

"நில்லு. அந்தக் காய்ச்சல் கதய எப்போ எழுதித் தரப் போறே?"

"நக்கல் பண்ணாதீங்கக்கா."

"இன்னா நக்கல்? எனக்குப் போன மாசம் ஒரு வாரம் காய்ச்சல். வூட்ல ஒருத்தன் கரித்துணி போட்டானா? நல்ல துணியக் கூட வுடு, கரித்துணி போட்டானா? அவன் உக்காந்துகினு துணி மாத்துனான்னு நீ சொன்னியே, அதத்தான் நான் வூட்டுக்குப் போய் ரெண்டு நாளா நெனச்சிகினு கீறேன். எழுது போ."

போனேன். எழுதினேன். ஒரே பக்கம். அதை அப்பாவிடம் காட்டாமல் எங்கேயும் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது; கொண்டுபோய் நீட்டினேன். கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்கிறதுபோல இரண்டு தடவை படித்தார்.

"ஒரு தப்பு இருக்கு."

"சொல்லுங்கப்பா."

"சீரகத்தை நான் ஆறாவது டப்பாவுல கண்டுபிடிச்சுட்டேன். காய்ச்சல்ல உங்கம்மாதான் அது சோம்புன்னு சொல்லிட்டா. திருத்து."

திருத்தினேன். "காலையில கண்ணத் திறந்து நான் என்ன சொன்னேன்னு கேக்க மாட்டியா?" என்றாள் அம்மா. கேட்டேன். "'நீங்க சாப்பிட்டீங்களா?'ன்னேன். மனுஷன் அழுதுட்டார்" என்றாள். அப்பா அதை மறுக்கவில்லை. அதையும் எழுதினேன்.

தேங்கிக் கிடந்த பிரதிகளில் எழுபத்திரண்டாம் பக்கத்தின் மேல் அந்தத் தாளை ஒட்டித் தருவதாகப் பதிப்பாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். லஸ் முனையில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்து, வீட்டுக் கூடத்தில் பரப்பி, மூன்று பேரும் உட்கார்ந்து ஒட்டினோம். அப்பா ஸ்கேல் வைத்து ஒட்டினார். எழுபத்தொன்றாம் பக்கத்தில் மழையில் நனைகிறவன் அவன். எழுபத்திரண்டில் காய்ச்சல் அவளுக்கு. எழுபத்து மூன்றில் காய்ச்சல் விட்டு நன்றி சொல்கிறவன் மறுபடியும் அவன். கதை எங்கேயும் ஒட்டவில்லை. ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை. மயிலாப்பூர் நூலகத்துப் பிரதியில் மாமியின் புள்ளியும் செல்வி அக்காவின் நாரும் ஒட்டிய தாளின் மேலேயே ஏறின. பிரதிகள் தீர்ந்தன. பதிப்பாளர் ஆறு அறிவிக்கவில்லை, ஒன்று கேட்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அட்டவணையை நான் கிழித்துப் போடவில்லை. இன்றும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன், பெருமையாகவே சொல்கிறேன். மோதல், தாத்தா, அத்தை மகள் எல்லோரும் அவரவர் பக்கத்தில் வந்து போவார்கள். காய்ச்சல் மட்டும் எப்போதும் அவளுக்குத்தான். இப்போது என் கதைகள் செல்போனில் வாராவாரம் வருகின்றன. அதில் பக்கம் என்பதே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு கதைக்கும் கீழே யாராவது ஒரு பெண் கேட்டுவிடுகிறாள்: "அக்கா, எழுபத்திரண்டு எப்போ வரும்?"

எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கே அதுதான் பெயர். யார் தும்மினாலும் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்னங்க, எழுபத்திரண்டாம் பக்கம்!" வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, "ஹீரோ பேரு ரிஷிவர்தன்னு போட்டிருக்கும். நான்தான்" என்பார்.

போன மாதம் எனக்கே காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். அப்பா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஒரு கையில் கிண்ணத்தில் தண்ணீர், மறு கையில் கடிகாரம், தோளில் ஒரு வெள்ளைத் துணி. துணியைப் பிரித்து, முன்பக்கமும் பின்பக்கமும் என் கண்ணுக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

"நல்லா பார்த்துக்கோ" என்றார். "அப்புறம் எழுதிடாதே."