ஒரு கூடைக் களிமண் அதிகம்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லாது. நாலு பேர் முன்னால் நிறுத்தித் தண்ணீர் ஊற்றும். என் விஷயத்தில் தண்ணீரையும் நானே ஊற்றினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பூனா பக்கம் தாபோடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். நான் சிவில் எஞ்சினியரிங் கடைசி வருடம். மணலில் களிமண் சேர்த்தால் அதன் உறுதி எப்படி மாறும் என்பது என் புராஜெக்ட். வெறும் மணலை அச்சில் அடைத்து எடுத்தால், காய்ந்ததும் ஊதினாலே உதிரும். அதில் கொஞ்சம் களி கலந்தேன். காய்ந்த கட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல்தான் வலித்தது. ஒன்றோடொன்று பேசாத மணல் மணிகளெல்லாம், நடுவில் ஒரு பூச்சுக் களி வந்ததும் கைகோத்து நின்றன. லேபில் எனக்குச் சந்நிதியில் நிற்பதுபோல இருந்தது. (சந்நிதியில்கூட நான் அவ்வளவு நேரம் நின்றதில்லை.)

அப்பாவுக்கு இந்தப் பக்தி பிடிக்கவில்லை. கடக்வாஸ்லா பக்கம் கால்வாய்க் கரை போடும் வேலைக்கு ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருந்தது. அவரோ பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருந்தார். எத்தனை வருடம் பூனாவில் இருந்தும் திருநெல்வேலி அவர் நாக்கைவிட்டு இறங்கவில்லை.

"ஏட்டி, மண்ணப் படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?"

"கரை நிக்கிறதே மண்ணாலதான்ப்பா."

"அப்ப தீபாவளிக்கு ஒரு கில்லா கட்டு. ஜட்ஜு பாத்துட்டுப் போற வரைக்கும் நிக்கட்டும். பொறவு ஒன் கால்வாயப் பேசுவோம்."

கில்லா என்பது தீபாவளிக்கு இந்த ஊரில் வாசலுக்கு வாசல் கட்டும் மண்கோட்டை; எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்குப் போட்டியும் உண்டு. உள்ளே கல் அடுக்கி, சாக்குப் போர்த்தி, மேலே மண் பூசுவார்கள். உச்சியில் சிம்மாசனத்தில் மகாராஜா பொம்மை. சரிவில் கடுகு தூவித் தண்ணீர் தெளித்தால் குட்டிக் காடு முளைக்கும்.

எஞ்சினியருக்குக் கல்லா, சாக்கா? முழுக்க மண்தான் என்றேன். கொஞ்சம் களிக்கே அவ்வளவு உறுதி என்றால் நிறையக் களிக்கு? ஆற்றங்கரைக் கரிசல் களியை மணலில் கூடை கூடையாகக் கொட்டி மிதித்தேன்.

"அக்கா, பஸ் கர், போதும். மணலே கண்ணுக்குத் தெரியல," என்றாள் தங்கை ராஜி.

"உனக்கு சயின்ஸ் தெரியாது."

(அவள் சொன்னதுதான் சயின்ஸ்.)

கோட்டை ராஜியின் தோளுயரம் எழுந்து இறுகியது. அப்பா உதைத்துப் பார்த்துவிட்டு, காலைத் தடவிக்கொண்டு போனார். காயக் காய வெடிப்பு விட்டது. மலையென்றால் பாறை இடுக்கு இருக்கும் என்று சமாளித்தேன். போட்டிக்கு முந்தின நாள்தான் மற்றவர்களின் கோட்டைகள் பச்சைப்பசேலென்றிருப்பது உறைத்தது. வெடிப்புகளில் கடுகைத் தூவி வாளி வாளியாக ஊற்றினேன். விடிந்ததும் இன்னொரு தடவை.

ஜட்ஜாக வந்தவர் மீசை வைத்த ஒரு காக்கா. மராத்தியில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் குனிந்து பார்த்தபோது கோட்டை மூச்சிழுப்பதுபோல உப்பியிருந்தது. பிறகு முகப்பு முழுதும், எந்த அவசரமும் இல்லாமல், இறங்கியது. சிம்மாசனத்தோடு மகாராஜா, கம்பீரம் குலையாமல், பவனியாக வழுக்கி வந்து காக்காவின் செருப்பருகே நின்றார். காக்கா தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டார்.

குவார்ட்டர்ஸே சிரித்தது. எனக்குக் கேட்கவில்லை. சரிந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிளந்த கருப்பு முகத்தில் மணல் மணியெல்லாம், கேசரியில் திராட்சை மாதிரி, தனித்தனியாகக் கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றவரைக்கும்தான் அவற்றுக்குப் பலம். நான் கொட்டிய களி அவற்றை விலக்கி வைத்துவிட்டது. தண்ணீர் வந்ததும் களி தானும் குழைந்து நழுவிவிட்டது. சேர்த்து வைத்ததே பிரித்தும் வைக்கிறது. மயிர் கூச்செறிந்தது எனக்கு.

"ஏட்டி, எல்லாரும் பாக்காங்க. எந்திரி."

"அப்பா, இங்க பாருங்களேன். மணல் ஒண்ண ஒண்ணு தொடவே இல்ல."

வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தார். அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் என்னைப் பார்த்தார்.

"ராஜி, அந்த பேங்க் பாரத்தத் தூக்கிப் பரண்ல போடு. மானம் போறப்பவும் இவ மண்ணத்தான் பாக்கா. கவுண்டர்ல உக்காந்தா தரையத் தோண்டிருவா."

கால்வாய்க்குப் போனேன். அந்தக் கரை இன்னும் நிற்கிறது. (களி அளவாகத்தான் போட்டோம்.) எங்கள் வீட்டில் உப்புமாவில் நெய் கூடினாலும், கல்யாண முகத்தில் பவுடர் கூடினாலும் "கில்லா ஆயிட்டு" என்றுதான் சொல்வார்கள்.

போன மாதம் விஷ்ராந்த்வாடியில் அப்பா வீட்டு அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்கே இவ்வளவு வாசனைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா தடியை ஊன்றி எழுந்து வந்து, டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.