மாத்திரையால் வந்த மூணு மாசம்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேசாதவளுக்குக் கோபமும் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது. இத்தனை வருஷமாக மூடி போட்டு வைத்திருந்தேன். இன்று திறக்கிறேன்.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. காஜா பேராங்கில் தகரக்கூரை வீட்டில் இருந்தோம். அந்த வருஷம் எனக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது. பிள்ளை போய்விட்டது, ரத்தக் கொதிப்பு மட்டும் என்னோடு தங்கிவிட்டது. டவுனில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். எப்படிச் சாப்பிடுவது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். (நோயாளி நான்தான். என் மடியில் இருந்த குடையைப் பார்த்த அளவுக்குக்கூட என்னைப் பார்க்கவில்லை.) எழுந்தால் தலை சுற்றும் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சுற்றியது. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. எழுந்தால் கண் இருட்டும், வீடே படகு மாதிரி ஆடும். மாமியாரிடம் சொன்னேன். "வேலை செய்றவங்க எல்லாருக்கும்தான் சுத்தும்" என்றார்.

அப்போது நாத்தனார் சரோஜாவைப் பெண் பார்க்க உஜோங் பாசிரிலிருந்து வந்தார்கள். முன்னால் வந்த இடங்கள் எல்லாம் தட்டிப்போய், அவள் சாப்பாட்டையே வெறுத்திருந்தாள். இதாவது அமைய வேண்டுமே என்று எனக்கும் பதைப்பு. நல்ல பெண்.

எங்கள் வழக்கத்தில் பெரியவர் யார் உள்ளே வந்தாலும் மருமகள் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். வந்தவர்கள் ஒரே வண்டியில் வந்திருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். ரிக்சாவில் ஒருவர், சைக்கிளில் ஒருவர், நடந்து ஒருவர் என்று தவணை முறையில் வந்தார்கள். பாயில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த நான், எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கடைசியாக மாப்பிள்ளையின் அம்மா நுழைந்தார். எழுந்தேன். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது மாப்பிள்ளையின் அப்பா மடியில் கிடந்தேன். அவர் கையிலிருந்த கோப்பி வேட்டி முழுக்க.

"வலிப்பு இருக்கா குடும்பத்துல?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். சரோஜாவின் முகம் செத்துவிட்டது.

மாமியார் யோசிக்கவே இல்லை. "வலிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. மருமக முழுகாம இருக்கா."

அந்த அம்மாள் குளிர்ந்துபோனார். "அப்படியா? எத்தனை மாசம்?"

"மூணு."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரைத் தகரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். (ஒழுகுகிறது என்று மாதக்கணக்கில் சொல்லியும் அதுவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததில்லை.)

அதன்பிறகு உஜோங் பாசிரிலிருந்து எனக்கு மாங்காய் ஊறுகாய் வரத் தொடங்கியது. கோயிலில் முன்பின் தெரியாத பெண்கள் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள் நான். இல்லாத பிள்ளைக்காக ஊறுகாய் தின்றேன். மயக்கமும் நிற்கவில்லை. நான் தடுமாறும்போதெல்லாம் மாமியாருக்குத் திருப்தி. பொய்க்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பரிசம் போடும் நாள் வந்தது. கணக்குப்படி எனக்கு அப்போது ஐந்து மாதத்துக்கு மேல். மாமியார் ஒரு பழைய சாரோங்கைச் சுருட்டிக் கொண்டுவந்து, இதை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே சேலையைச் சுற்று என்றார்.

அந்தத் துணியை வாங்கி அடுப்பில் போட்டேன். கூடத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"எந்திரி" என்று மாமியார் பல்லைக் கடித்தார்.

"எந்திரிச்சா விழுந்துருவேன்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். "நான் முழுகாம இல்ல. எனக்கு வலிப்பும் இல்ல. ரத்தக் கொதிப்புக்கு மாத்திர சாப்புடுறேன். மாத்திர சாப்பிட்டதிலேருந்து எந்திரிச்சா தல சுத்துது. சரோஜாவுக்கு ஒரு நோயும் இல்ல. வேணும்னா கட்டுங்க, இல்லன்னா போங்க."

சரோஜா தூணைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எனக்கு எட்டாத தூரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேசக்கூடிய பொண்ணு உள்ள வீடுதான் நல்லது. தட்ட மாத்துங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. மாமியார் அதுவரை என்னோடு பேசவில்லை. நல்ல ஓய்வு. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மெதுவாக எழ வேண்டும், கொஞ்சம் உட்கார்ந்து பிறகு நிற்க வேண்டும் என்றார். அதையும் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் தடுக்கி விழுந்தாலும், அது குளியலறையில் வழுக்கிய எண்பது வயதுக் கிழவராக இருந்தாலும், எல்லாரும் ஒரே குரலில் "எத்தனை மாசம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் புதைத்த அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பெண்.