மூன்றாம் பிரேரணை பற்றி அக்காவுக்கு ஒரு விளக்கம்

வோபர்ன்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.
30.11.2009, திங்கட்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த சகோதரி சந்திரவதனா அவர்கட்கு, தம்பி நவரட்ணம் பணிவுடன் வரைவது.

நான் இங்கு பூரண சுகத்துடன் இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனையைத் திறந்தேன். இடது முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே முழங்கால் நீங்கலாகச் சுகம். தாங்களும், முகாமிலிருந்து தங்களை வவுனியாவுக்குக் கூட்டிவந்து வைத்துப் பார்க்கும் மருமகள் நிரூபாவும் ஒரு குறையுமின்றி இருக்க அம்மாளாச்சி துணை நிற்பாளாக.

நிற்க. இம்மாதம் எட்டாம் திகதி தாங்கள் நிரூபாவின் போனில் என்னை அழைத்து, "தம்பி, நான் அங்க வரட்டோ?" என்று கேட்டீர்கள். நான் பிறந்த நாள்தொட்டு எனக்குக் கட்டளை மட்டுமே போட்டுவந்த தாங்கள் முதன்முதலாக என்னிடம் அனுமதி கேட்டது அன்றுதான். அதற்கு நான், "இருபத்தெட்டாம் திகதி கழியட்டும் அக்கா. அதுவரைக்கும் நான் ஒண்டும் சொல்லக்கூடாது. நீங்களே யோசிச்சு முடிவெடுங்கோ" என்றேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டீர்கள். அதன்பிறகு ஆறு தரம் எடுத்தேன். மூன்று தரம் மாமி குளிக்கிறா, இரண்டு தரம் மாமி கோயிலுக்குப் போட்டா, ஒருதரம் மாமி நித்திரை என்று நிரூபா சொன்னாள். வவுனியாவில் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை என்று அறிந்து சந்தோஷம். ஆனால் தாங்கள் என்னோடு கோபம் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஏன் இருபத்தெட்டாம் திகதி என்று தாங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் இருக்கிற இந்தக் கட்டடம் ஒரு கோ-ஒப். அறுபது வீடு, அதில பத்தொன்பது எங்கட ஆக்கள். வீட்டுக்காரர் எண்டு தனியா ஒருத்தரும் இல்லை. விதியெல்லாம் நாங்களே வாக்குப் போட்டுத்தான் வைக்கிறது, நாங்களே வாக்குப் போட்டுத்தான் எடுக்கிறது. போன வருஷம் நாலு பிரேரணை வந்தது. கடதாசி முழுக்க இங்கிலீசு, அதுவும் சட்டத்தரணிமார் எழுதின இங்கிலீசு. எங்கட சனம் உதை வாசிக்கிறதைவிட விரதம் பிடிக்கலாம் எண்டு நினைச்சு, கண்ணை மூடிக்கொண்டு நாலுக்கும் ஓம் எண்டு போட்டிட்டு வந்திட்டுது. அடுத்த கிழமை நோட்டீஸ் ஒட்டியிருக்கு: இனிமேல் ஒருத்தரும் வாசலுக்கு வெளியில செருப்பு, சப்பாத்து வைக்கக்கூடாது! பத்தொன்பது தமிழ் வீடும் சேர்ந்து தங்கட செருப்புக்குத் தாங்களே தடை போட்டிருக்குதுகள் அக்கா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. வீட்டுக்குள்ள செருப்போட வாறவையைப் பாத்தால் நெஞ்சு பதறும். வெளியில விட்டால் நோட்டீஸ் வரும். ஒரு வருஷமா எங்கட சனம் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு, வாசலில ஒற்றைக் காலில நிண்டு தவம் செய்தது.

அதாலதான் இந்த முறை அலுவலகப் பொறுப்பாளர் கிளடிஸ் என்னைக் கூப்பிட்டவ. ட்ரினிடாட் மனிசி, நல்ல சீவன், ஆனால் சிரிச்சுக்கொண்டே வேலை ஏவி விடுவா. "மிஸ்டர் நவா, உங்கட ஆக்களுக்கு வாக்குப் போட முதல் பிரேரணையளை விளங்கப்படுத்தி விடுங்கோ. விளக்கம் மட்டும்தான். எதுக்குப் போடச் சொல்லியும் சொல்லக்கூடாது" எண்டா. என்னட்டையோ சொல்லுறா! இருபத்திரண்டு வருஷம் ஊரில அரசாங்கக் கந்தோரில இருந்து தேர்தல் வேலைக்குப் போனவன். ஒரு எலெக்‌ஷனில எங்கட சொந்தச் சித்தப்பா வாக்குப் போட வந்து "என்னடா தம்பி" எண்டு சிரிக்க, அடையாள அட்டையைக் காட்டுங்கோ எண்டு கேட்டவன். அவர் சாகும்வரைக்கும் என்னோட பறையேல்லை. அது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே, சமாதானத்துக்கு வந்து ஏச்சு வாங்கினது நீங்கள்தானே.

சரி, பிரேரணை மூண்டு. முதலாவது, செருப்புத் தடையை எடுக்கிறதோ இல்லையோ. ரண்டாவது, உடுப்புத் தோய்க்கிற அறையை ஒன்பது மணிக்குப் பூட்டுறதோ இல்லையோ. மூண்டாவதுதான் அக்கா, மூண்டாவது. இப்ப இருக்கிற விதிப்படி ஒரு வீட்டுக்கு வாற விருந்தாளி முப்பது நாளுக்கு மேல தங்கக்கூடாது. அதைச் சொந்தக்காரர் எண்டால் ஒரு வருஷம் வரைக்கும் தங்கலாம் எண்டு மாத்துறதோ இல்லையோ. கிளடிஸின்ர மேசையடியில நிண்டு அதை நாலு தரம் வாசிச்சன். எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லையெண்டபடியால் உங்களைக் கூப்பிட ஒரு வழி இருக்கு எண்டு லோயர் அதுக்கு முதல் கிழமைதான் சொன்னவர். வழி இருந்தென்ன, முப்பது நாளில எழும்பிப் போகச் சொல்லுற வீட்டுக்கு உங்களை என்னெண்டு கூப்பிடுறது? முகாமில இருந்து ஆரோ போகச் சொல்லி, ஆரோ வரச் சொல்லி அலைஞ்சது காணாதெண்டு, தம்பி வீட்டிலயும் நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறதோ? விதி மாறினால் உடனை கூப்பிடுவன் எண்டு நினைச்சன். ஆனால் மூண்டாம் பிரேரணை எனக்கே வேண்டியதாப் போட்டுது. வேண்டியதை வைச்சுக்கொண்டு ஊருக்கு விளக்கம் சொல்லுறவன் நடுநிலைக்காரனோ? அதால சத்தியம் செய்தன்: இருபத்தெட்டு வரைக்கும் மூண்டாம் பிரேரணையைப் பற்றி என்ர மனதில இருக்கிறது ஒரு சீவனுக்கும் தெரியக்கூடாது, உங்களுக்குக்கூட.

பேந்து தொடங்கினது வீடு வீடா ஏறுற படலம். என்னை விட்டால் பதினெட்டு வீடு. வீட்டுக்கு ஒரு தேத்தண்ணி எண்டாலும் பதினெட்டு, அதில பன்ரண்டு வீட்டில வடையும். கையில மணிக்கூடு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிரேரணைக்கும் வேணும் எண்டதுக்கு நாலு நிமிஷம், வேண்டாம் எண்டதுக்கு நாலு நிமிஷம். மூண்டாவதுக்கு மட்டும், என்ர ஆசைக்கு நானே போட்ட தண்டனையா, வேண்டாம் எண்டதுக்கு ஒரு நிமிஷம் கூடக் குடுத்தனான். விருந்தாளி கனநாள் நிண்டால் குசினியில சண்டை வரும், ரீவி றிமோட் போயிடும், குளிக்கிறதுக்கு வரிசை, எண்டெல்லாம் நான் சொல்லச் சொல்லச் சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. என்ர வாய்க்கு அண்டைக்கு ஆர் வரம் குடுத்தினமோ தெரியாது. வேணும் எண்டதைச் சொல்லேக்க மட்டும், "சொந்தம் பக்கத்தில இருக்கலாம்" எண்டு ஒரு வரி சொல்லிப்போட்டு மிச்ச மூண்டரை நிமிஷமும் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

நாலாம் மாடியில றீற்றா எண்டு ஒரு பிள்ளை, புருஷன் யோசப். அதுகள்தான் எனக்குக் கறி குடுத்து விடுறதுகள். றீற்றா ஒன்பது நிமிஷமும் பொறுமையாக் கேட்டிட்டு, "அண்ணை, உதெல்லாம் எதுக்கு? உங்கட மனதில என்ன எண்டு சொல்லுங்கோ, நாங்கள் அதுக்கே போட்டிடுறம்" எண்டாள். நான் சொல்லமாட்டன் எண்டன். "ஏன் அண்ணை, எங்களிட்டையுமோ?" எண்டு அவளுக்கு முகம் வாடிப்போச்சு. யோசப் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "மூண்டாவதுக்கும் ஒண்டும் சொல்லமாட்டியளோ?" எண்டு திருப்பிக் கேட்டார். நாக்கைக் கடிச்சுக்கொண்டு, "நான் ஒண்டும் சொல்லேல்லை தம்பி, நீங்களே யோசியுங்கோ" எண்டன். ரண்டு பேரும் ஆளையாள் பாத்துத் தலையாட்டிச்சினம். எவ்வளவு விளக்கமான பிள்ளையள் எண்டு நான் மெச்சிக்கொண்டு வந்தன்.

ஆவணி மாசம் ஒரு கடையில மலிவுக்குப் போட்டிருந்த ஒரு சோடி பனிச் சப்பாத்து உங்களுக்கெண்டு வாங்கி வைச்சனான், அளவு குத்துமதிப்புத்தான். வீட்டுக்கு வாற வாக்காளர் அதைக் கண்டு என்ர மனதை அறிஞ்சிடக்கூடாதெண்டு அதையும் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சன். விசரன் எண்டு நினைப்பியள். நினையுங்கோ. மே மாதம் முழுக்க இஞ்ச சனம் அங்கத்தைச் சண்டையை நிப்பாட்டச் சொல்லி றோட்டில நிண்டது, நானும் இந்தக் காலோட நிண்டனான். பேந்து முகாம் பட்டியல் எண்டு ஆரோ அனுப்பினதை லைபிரரியில போய் இருந்து ஒவ்வொரு பேரா வாசிச்சன். சந்திரவதனா எண்டு நாலு பேர் இருந்தினம். நாலு பேருக்கும் அழுதன். நாலாவதுதான் நீங்கள். லைபிரரிப் பிள்ளை தண்ணி கொண்டுவந்து தந்திட்டுப் போனது. அண்டையிலிருந்து எனக்கு இந்த வீட்டில ஒரு வேலையும் ஓடுறேல்லை அக்கா. உங்களோட ஒரு சொல்லுக் கதைக்காமல் ஒரு நாள் போறதே பெரும்பாடாக் கிடக்கு.

இருபத்தெட்டாம் திகதி சனிக்கிழமை வாக்களிப்பு. ஐம்பத்தேழு வீடு வாக்குப் போட்டுது. நான் போடேல்லை. விளக்கம் சொன்னவன் வாக்குப் போடுறது அழகில்லை எண்டு கிளடிஸுக்குச் சொன்னன். விதி மாத்த மூண்டில ரண்டு பங்கு வேணும், அதாவது முப்பத்தெட்டு. செருப்புக்கு ஐம்பத்திரண்டு விழுந்து வெண்டுது. சனம் அங்கினையே கை தட்டினது. தோய்க்கிற அறைக்கு நாப்பது, அதுவும் வெண்டுது. மூண்டாவதுக்கு முப்பது. எட்டு வாக்கால போச்சு அக்கா. ஆர் போடேல்லை எண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, வாக்கு இரகசியம். மற்ற இனத்து ஆக்களுக்குச் சொந்தக்காரர் வந்து நிக்கிறதின்ர அருமை தெரியாதாக்கும் எண்டு என்ர மனதுக்குச் சொல்லிக்கொண்டன்.

ஆகையால் அன்புள்ள அக்கா, நிலைமை இவ்வாறிருப்பதைத் தாங்கள் கருத்திற்கொள்ள வேண்டும். இங்கு முப்பது நாள் விதி தொடர்கிறது. குளிரும் மெத்தக் கடுமை. அங்கு நிரூபா தங்களை அன்பாகப் பார்க்கிறாள், கோயிலும் கிட்ட. அதேவேளை இங்கு நான் இருக்கிறேன். இரு பக்கத்தையும் சமமாகச் சீர்தூக்கித் தாங்களே ஒரு முடிவுக்கு வரவேண்டும். நான் ஒரு பக்கம் சாய்வது முறையல்ல.

நிரூபாவுக்கு என் ஆசி. தங்கள் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இம்மடலை மூடுகிறேன்.

என்றும் தங்கள் சொல் மீறாத தம்பி,
க. நவரட்ணம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை இல்லையெண்டு றீற்றா வீட்டை போனனான். கதவைத் திறந்தவள் முகமெல்லாம் பல்லா, "அண்ணைக்கு இப்ப சந்தோஷம்தானே? நாங்கள் பதினெட்டு வீடும் ஒற்றுமையா மூண்டாவதுக்கு வேண்டாம் எண்டு போட்டனாங்கள்" எண்டாள். "ஆர் உங்களை வேண்டாம் எண்டு போடச் சொன்னது?" எண்டன். "நீங்கள்தானே!" "நான் வாயே திறக்கேல்லையே பிள்ளை!" "அதுதான் அண்ணை. உங்களுக்கு விருப்பமெண்டால் வாய் திறந்து போடுங்கோ எண்டிருப்பியளே. எங்கட ஆக்கள் ஒரு காரியத்தைக் கேக்க, நான் ஒண்டும் சொல்லேல்லை நீங்களே யோசியுங்கோ எண்டால், அதைவிடப் பச்சையா எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது? எங்கட கலியாணத்துக்கு என்ர மாமியார் அப்பிடித்தான் சொன்னவ." உள்ளுக்க இருந்து யோசப், "பதினைஞ்சு வருஷம், அவ இன்னும் எங்கட வீட்டில கை நனைக்கேல்லை" எண்டார். மௌனம் சம்மதம் எண்டு சொன்னவன் எங்கட சனத்தோட ஒரு நாளும் பழகியிருக்கமாட்டான்.

அந்த வாசலிலயே இருந்திட்டன் அக்கா. அந்த வாக்குக்காக இல்லை. எட்டாம் திகதி உங்களுக்கு நான் சொன்னதும் அதேதானே. நீங்கள் வரட்டோ எண்டு கேக்க, நான் ஒண்டும் சொல்லக்கூடாது, நீங்களே யோசியுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். உயிரைப் பிடிச்சுக்கொண்டு வந்த மனிசிக்கு. என்ர கடவுளே. அதை நீங்கள் எப்பிடிக் கேட்டிருப்பியள்! கேட்டிட்டும் "சரி தம்பி" எண்டியளே!

கிளடிஸிட்ட ஓடினன். எல்லாத்தையும் சொல்லி அழுதன். அந்த மனிசி சிரிச்ச சிரிப்பு! "மிஸ்டர் நவா, அந்த விதி விருந்தாளிக்கு. உங்களோட வந்து இருக்கப் போற அக்கா எப்பிடி விருந்தாளி? வீட்டு ஆளெண்டு பேரைச் சேர்க்க ஒரு பக்கப் படிவம் இருக்கு, அதுக்கு வாக்கும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். நீங்கள் வீடு வீடா விளங்கப்படுத்தின விதிக்கு அடுத்த பக்கம்" எண்டா. அடுத்த பக்கத்தை நான் திருப்பவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம். படிவம் அங்கினையே நிண்டு நிரப்பிக் குடுத்திட்டன். எவ்வளவு காலம் எண்டு ஒரு கேள்வி இருந்தது. போறதாயில்லை எண்டு எழுதினன்.

மேல எழுதினது முழுக்க வெட்டி விடு. குளிர், கோயில், சீர்தூக்கல், ஒண்டையும் வாசியாதை. நிரூபாட்ட குளிக்கிறன் எண்டு சொல்லச் சொல்லாதை. நான் ஒரு பக்கம் சாயிறன், முழுசாச் சாயிறன், எனக்கு நீ வேணும். வரட்டோ எண்டு கேட்டனி.

ஓம் அக்கா. வா.